சங்கத்தில் சேர்ந்தவர் ஏன் நிற்பதில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ரோட்டரி, லயன்ஸ், கிவானிஸ், ஜேசிஐ என்று பெயர் எதுவானாலும் சேவைச் சங்கத்திலிருந்து உறுப்பினர் கழன்றுகொள்ளும் விதம் அனேகமாக ஒன்றுதான். ஆட்களைச் சேர்த்துத் தக்கவைக்கும் உறுப்பினர் குழுப் பொறுப்பு கைக்கு வரும்போதெல்லாம் அதே பழுதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் சங்கத்தில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஒவ்வொன்றிலும் எளிதாகத் தீரும் காரணம் முதலில் வரும், சங்கத்தின் நடைமுறையையே மாற்ற வேண்டியது கடைசியில் வரும். மேலே இருப்பதைச் சோதிக்காமல் கீழே தாவ வேண்டாம். ஒரு போன் போட்டால் தீர்ந்திருக்கும் விஷயத்துக்கு ஹால் பிடித்து, பேச்சாளரை அழைத்து, பயிலரங்கு நடத்தும் சங்கங்கள் நிறைய உண்டு. போக நினைத்தவர் அந்தப் பயிலரங்குக்கும் வந்திருக்க மாட்டார்.

## தொடங்குமுன்: பட்டியல் சோதனை

தேவையானவை: உறுப்பினர் பட்டியல் (சேர்ந்த தேதி, அறிமுகப்படுத்தியவர் பெயருடன்), கடந்த ஓராண்டின் வருகைப் பதிவு, ஒரு பேனா. செயலாளரும் உறுப்பினர் குழுத் தலைவரும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.

ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இரண்டு விஷயங்களை எழுதுங்கள்.

1. இந்த ஆண்டு இவர் கையால் நடந்த வேலை எது?
2. இவர் தொடர்ந்து இரண்டு கூட்டம் வரவில்லை என்றால் தானாகவே போன் செய்யப்போகிறவர் யார்?

"சேவைக் குழு உறுப்பினர்" என்பது முதல் கேள்விக்குப் பதிலாகாது. அது பதவி. "முகாம் அன்று பதிவு மேசையைப் பார்த்துக்கொண்டார்" என்பது வேலை. இரண்டாவது கேள்விக்குச் "செயலாளர்" என்று எழுதாதீர்கள். எல்லாருக்கும் செயலாளர்தான் போன் செய்ய வேண்டும் என்றால் யாருக்கும் போன் போகாது.

ஒரு இடம் மட்டும் காலி என்றால் இப்போதே சரிசெய்யலாம். இரண்டுமே காலி என்றால், அவர் சந்தா கட்டியிருந்தாலும் மனதளவில் பாதி வழி போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பெரும்பாலான அறிகுறிகள் இந்த இரண்டு காலியிடங்களில் வந்துதான் முடியும்.

## அறிகுறி: புதியவர் நாலைந்து கூட்டம் வந்தார், அப்புறம் ஆளைக் காணோம்

யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. இதைத்தான் முதலில் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் புதியவர் எங்கே உட்காருகிறார், கூட்டம் முடிந்ததும் யாரோடு பேசிக்கொண்டு நிற்கிறார் என்று ஓரமாக நின்று கவனியுங்கள். போனை நோண்டிக்கொண்டு தனியாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அறிமுகப்படுத்தியவர் முதல் மூன்று மாதம் அவரைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எல்லாச் சங்கத்திலும் வாய்மொழியாக உண்டு. ஆனால் நிறையப் பேரைச் சேர்த்துவிடுபவர்தான் கூட்டத்துக்கே அதிகம் வராதவராக இருப்பார். அப்படியானால் வேறொருவரை நியமியுங்கள். வயதோ தொழிலோ குடியிருக்கும் பகுதியோ ஏதாவது ஒன்று ஒத்துப்போகிறவராக இருந்தால் பேச்சு தானாக வரும்.

பேசுவது புரியவில்லை. டி.ஜி., பி.டி.ஜி., ஏ.ஜி., ஆர்.சி., இசட்.சி., டி.ஆர்.எஃப்., எல்.சி.ஐ.எஃப். பதவிக்கும் அறக்கட்டளைக்கும் ஒரு கூட்டத்தில் இப்படி எத்தனை சுருக்கப்பெயர் வருகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பி.எச்.எஃப்., எம்.ஜே.எஃப். என்பவை அறக்கட்டளைக்கு நன்கொடை தந்தவர்களுக்கான அங்கீகாரம் என்று யாரும் சொல்லாவிட்டால், பெயருக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்து மேல்படிப்பு என்று நினைத்துக்கொள்வதற்கும் இடமுண்டு. தீர்வுக்குச் செலவே இல்லை: மேடையில் பேசுகிறவர் முழுப்பெயரைச் சொல்லட்டும்.

வேலை கொடுக்கவில்லை. "முதல்ல பழகட்டும், அப்புறம் பொறுப்பு கொடுக்கலாம்" என்பது மரியாதை மாதிரி தெரியும். வந்தவருக்கோ, தான் இங்கே எதற்கு என்பதே புரியாமல் போகும். முதல் ஆறு வாரத்துக்குள் ஒரு வேலை கைக்குப் போக வேண்டும். அது சின்னதாக, தேதி குறித்ததாக, அவர் ஒருவரே முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். கண் அறுவை சிகிச்சை முகாம் நடத்துகிறீர்கள் என்றால், சிகிச்சை முடிந்தவர்களுக்கு மறுவாரம் போன் செய்து "சொட்டு மருந்து போடுகிறீர்களா, மறுபரிசோதனைக்குப் போனீர்களா" என்று கேட்கும் பொறுப்பைக் கொடுங்கள். அந்த ஒரு மாலையில் சங்கம் என்ன செய்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிடும். நாலு கூட்டத்தில் விளக்கினாலும் அந்த அளவுக்குப் புரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கணக்கர் என்றால் கணக்கு, ஆசிரியர் என்றால் பாடம் என்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளாதீர்கள். பகல் முழுக்கச் செய்த வேலையிலிருந்து விடுபடத்தான் சிலர் சங்கத்துக்கு வருகிறார்கள். வேறு சிலருக்குத் தன் தொழில்திறன் பிறருக்குப் பயன்படுவதுதான் பெருமை. எது என்று கேட்டுவிடுங்கள்.

சேர்க்கும்போது சொன்னது வேறு. "மாசம் ஒரு மணி நேரம் போதும் சார்", "உங்க பிசினஸுக்கு நல்லது சார்" என்று சொல்லிச் சேர்த்திருப்பார்கள். என்ன சொல்லி அழைத்தார்கள் என்று புதியவரிடமே கேளுங்கள், சங்கடப்படாமல் சொல்வார். தொழில் தொடர்பை எதிர்பார்த்து வந்தவரைக் கேவலமாகப் பார்க்க வேண்டியதில்லை. 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸும் மூன்று நண்பர்களும் ரோட்டரியைத் தொடங்கியபோது ஒருவர் தொழிலுக்கு மற்றவர் உதவுவதும் நோக்கங்களில் ஒன்றாகத்தான் இருந்தது. சேவை பிறகு முன்னுக்கு வந்தது. அவர்கள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுழற்சியாகக் கூடியதால்தான் அந்தப் பெயரே வந்தது. அந்தப் பழைய வழக்கம் இங்கே நல்ல மருந்து. புதியவரின் பணியிடத்தில் ஒரு கூட்டம் வையுங்கள், அவர் தன் தொழிலைப் பற்றி இருபது நிமிடம் பேசட்டும். அவருக்கும் அறிமுகம் கிடைக்கும், மற்றவர்களுக்கும் அவர் யார் என்று தெரியும்.

எண்ணிக்கைக்காகச் சேர்த்தது. இதுதான் சரிசெய்யக் கடினமானது. பட்டியலைச் சேர்ந்த தேதிப்படி அடுக்குங்கள். ஏதோ இரண்டு மாதத்தில் மட்டும் கும்பலாகச் சேர்ந்து, மறு ஆண்டே அதே கும்பல் காணாமல் போயிருந்தால் விருதுக்காகவோ இலக்குக்காகவோ ஆள் பிடித்திருக்கிறீர்கள். இரண்டு கூட்டமும் ஒரு சேவைப் பணியும் விருந்தினராகப் பார்த்த பிறகே விண்ணப்பம் என்று துணைவிதியில் எழுதிவிடுங்கள். அந்த ஆண்டின் தலைவருக்குப் பிடிக்காது, எண்ணிக்கை குறையும். இருந்தும் செய்யுங்கள்.

*எப்போது வெளியாளைக் கூப்பிடுவது:* அடுத்தடுத்து இரண்டு ஆண்டு சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் போய்விட்டால், மாவட்ட (சங்க வழக்கில் மாவட்டம் என்பது ஒரு பகுதியின் பல சங்கங்கள் சேர்ந்த அமைப்பு) உறுப்பினர் குழுத் தலைவரை அழையுங்கள். போனவர்களோடு அவர் பேசட்டும். உங்களிடம் "வேலை ஜாஸ்தி" என்று சொன்னவர் அவரிடம் உண்மையைச் சொல்வார்.

## அறிகுறி: "நேரமில்லை" என்கிறார்

அதிகம் சொல்லப்படும் காரணம் இது. பாதி நேரம் நாசூக்காக மறுப்பதற்கான சொல். மீதிப் பாதி நேரம் நிஜம். எது என்று தெரிந்துகொள்ளாமல் மருந்து கொடுக்க முடியாது.

அந்த நாளும் அந்த நேரமும் மட்டும்தான் இடிக்கிறதா? "வேற நாள் வெச்சா வருவீங்களா?" என்று கேளுங்கள். ஆம் என்று உடனே சொன்னால் விஷயம் எளிது. வாராவாரம் கூடியே ஆக வேண்டும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் ரோட்டரி சங்கங்கள் உண்டு. ரோட்டரியின் விதிகளைத் திருத்தும் அதன் சட்டமன்றம் 2016-இல் கூடியதற்குப் பிறகு மாதம் குறைந்தது இரண்டு கூட்டம் என்றால் போதும். இணையவழியில் கூடலாம், சேவைப் பணியையே கூட்டமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவும் சங்கம் முடிவு செய்யலாம். வருகை விதியையும் துணைவிதியில் தளர்த்திக்கொள்ள இடமுண்டு. பத்தாண்டு பழைய துணைவிதியை வைத்துக்கொண்டு ஆட்களை இழப்பதில் அர்த்தமில்லை.

கூட்டமே நீளமா? அடுத்த கூட்டத்தில் கடிகாரத்தை வையுங்கள். மேடைக்கு அழைப்பது, ஒவ்வொருவரையும் பட்டத்தோடு வரவேற்பது, அறிமுகத்துக்கு ஓர் அறிமுகம், நினைவுப் பரிசு, படம் எடுப்பது, நன்றியுரை இதற்கெல்லாம் எத்தனை நிமிடம், உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது எத்தனை நிமிடம் என்று தனித்தனியே குறியுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணைவிடச் சின்னதாக இருந்தால், நேரமில்லை என்றவர் சொன்னதற்கு இதுதான் அர்த்தம். வரவேற்பு ஒருவர், ஐந்து நிமிடம். எல்லாப் பிரமுகர் பெயரையும் எல்லாப் பேச்சாளரும் திரும்பச் சொல்லும் வழக்கத்தை நிறுத்துங்கள். கூட்டம் சொன்ன நேரத்தில் தொடங்கி, சொன்ன நேரத்தில் முடியட்டும். தாமதமாக வரும் தலைமை விருந்தினருக்காகக் காத்திருப்பது, சரியான நேரத்துக்கு வந்த உறுப்பினருக்குக் கொடுக்கும் தண்டனை.

வேறு எதற்காவது நேரம் இருக்கிறதா? இதைக் கேட்காமல் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ரத்ததானக் குழுவிலோ குடியிருப்போர் சங்கத்திலோ பள்ளிப் பழைய மாணவர் அமைப்பிலோ சுறுசுறுப்பாக இருக்கிறார், இங்கே மட்டும் நேரமில்லை என்றால், அங்கே கிடைப்பது இங்கே கிடைக்கவில்லை. "திட்டங்கள் ஏராளம்" என்ற அறிகுறிக்குப் போங்கள்.

வீட்டில் அதிருப்தியா? வார இறுதிகள் எல்லாம் சங்கத்துக்குப் போய்விட்டால் வீட்டில் கேள்வி வரத்தான் செய்யும். ஆண்டுக்கொருமுறை குடும்ப விழா நடத்துவது இதைத் தீர்க்காது. வேலையிலேயே குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது தீர்க்கும். மரம் நடுவதற்கும் முகாமுக்கும் பிள்ளைகளோடு வரச் சொல்லுங்கள். லயன்ஸில் குடும்ப உறுப்பினர் திட்டம் இருக்கிறது, கூடுதலாகச் சேரும் குடும்பத்தவர் சர்வதேசச் சந்தாவில் பாதி கட்டினால் போதும். இதை அந்த வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நிஜமாகவே முடியவில்லையா? கைக்குழந்தை, வீட்டில் நோயாளி, பணியிட மாற்றம். இங்கே வற்புறுத்துவது நிரந்தரமாக விரட்டுவதற்குச் சமம். ரோட்டரியில் நிர்வாகக் குழு விடுப்பு வழங்கலாம். லயன்ஸில் முழு அளவில் செயல்பட முடியாதவர்களுக்குத் தனி உறுப்பினர் வகைகள் இருக்கின்றன. திரும்பிப் பேச வேண்டிய மாதத்தைக் குறித்துக்கொண்டு, இடையில் நலம் விசாரிக்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அந்த விசாரிப்பில் சங்கப் பேச்சே வரக்கூடாது. ஊர் மாறிப் போகிறார் என்றால் "அங்கே ஏதாவது சங்கத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று விட்டுவிடாமல், அங்குள்ள செயலாளரை நீங்களே அழைத்து இருவரையும் பேச வையுங்கள்.

## அறிகுறி: சந்தா பில் வரும் நேரத்தில் ராஜினாமா கடிதம்

ரோட்டரியில் ஜனவரி 1, ஜூலை 1 நிலவரப்படி உள்ள பட்டியலை வைத்துத்தான் சர்வதேசச் சந்தா கணக்கிடப்படும். லயன்ஸிலும் அரையாண்டுக் கணக்குதான். ஆகவே ஜூனிலும் டிசம்பரிலும் கடிதங்கள் குவிவது இயல்பு. செயலாளர்களும் அப்போதுதான் பட்டியலைச் சுத்தம் செய்வார்கள்.

முதல் சோதனை: கடிதம் கொடுத்தவர் கடைசியாக எந்தக் கூட்டத்துக்கு வந்தார் என்று பாருங்கள். ஐந்தாறு மாதத்துக்கு முன் என்றால் இது சந்தாப் பிரச்சினையே இல்லை. அவர் அன்றைக்கே போய்விட்டார், பில் வந்ததால் இன்றைக்கு எழுதிக் கொடுக்கிறார். முந்தைய இரண்டு அறிகுறிகளைப் பாருங்கள். கடந்த மாதம்வரை வந்துகொண்டிருந்தவர் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

பணம் எங்கே போகிறது என்று தெரியாது. சர்வதேசத்துக்கு இவ்வளவு, மாவட்டத்துக்கு இவ்வளவு, கூட்டச் செலவுக்கு இவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பில்லோடு அனுப்புங்கள். பாதிப் பேருடைய முணுமுணுப்பு இதிலேயே அடங்கும். தவணையில் கட்ட வழி இருந்தால் அதையும் அதே பக்கத்தில் போடுங்கள், தனியாகக் கேட்க எல்லாருக்கும் வாய் வராது.

சந்தாவுக்கு மேல் வசூல். சாதாரண உறுப்பினர் ஒருவரை எடுத்துக்கொண்டு, கடந்த ஆண்டு சந்தா தவிர அவர் கொடுத்ததையெல்லாம் கூட்டுங்கள்: பணியேற்பு விழாப் பங்கு, மாநாட்டுப் பதிவு, மலர் விளம்பரம், குலுக்கல் சீட்டு, அறக்கட்டளை நன்கொடை, ஒவ்வொரு திட்டத்துக்கும் "உங்களால் முடிந்தது". கூட்டுத்தொகையைப் பார்த்தால் பொருளாளருக்கே திகைப்பாக இருக்கும். ஆண்டுத் தொடக்கத்திலேயே "இதற்கு மேல் கேட்க மாட்டோம்" என்று ஒரு தொகையை அறிவித்துவிடுங்கள். விருப்ப நன்கொடை விருப்பமாகவே இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் கொடுத்தவர் பட்டியலைத் தினம் போட்டால், கொடுக்காதவர் பட்டியலையும் அதில் எல்லாரும் படித்துக்கொள்வார்கள்.

கையில் பணமில்லை. தலைவர் மட்டும், தனியாக, நேரில் பேச வேண்டியது. குழுவில் விவாதிக்க வேண்டாம்.

கணக்கில் சந்தேகம். பொதுமக்களிடம் திரட்டிய பணமும் சங்க நிர்வாகப் பணமும் ஒரே கணக்கில் கிடந்தால் சந்தேகம் வருவது நியாயம். லயன்ஸில் இவற்றைக் கலக்கவே கூடாது என்பது விதி. மற்றச் சங்கங்களும் அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

*எப்போது வெளியாளைக் கூப்பிடுவது:* இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கைப் பற்றிக் கேட்டுவிட்டாலே போதும், சங்கத்தில் உறுப்பினராக இல்லாத பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் கணக்கைக் கொடுங்கள். "நம்ம பொருளாளர் தங்கமான மனுஷர்" என்பது அறிக்கை ஆகாது. தங்கமானவர்தான் என்றால் அவருக்கும் அந்த அறிக்கை பாதுகாப்பு.

## அறிகுறி: திட்டங்கள் ஏராளம், யாருக்கும் எதுவும் ஒட்டவில்லை

என் கணிப்பில் அதிகம் கவனிக்காமல் விடப்படும் பழுது இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் சங்கம் ஓகோவென்று இருக்கும். மாத அறிக்கை தடிமனாக இருக்கும். உறுப்பினரோ, "என்ன செஞ்சோம்னு கேட்டா சொல்லத் தெரியல" என்பார்.

சோதனை இப்படி: கடைசி ஐந்து திட்டங்களை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பானர் பிடித்து நின்ற நேரம் தவிர உறுப்பினர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள்? பயன்பெற்றவர்களில் ஒருவர் பெயராவது யாருக்காவது தெரியுமா? அதற்குப் பிறகு யாராவது அங்கே திரும்பப் போனார்களா?

திரும்பிப் பார்க்கவில்லை. கொடுத்த சுத்திகரிப்பு இயந்திரம் ஓடுகிறதா, வடிகட்டி மாற்றினார்களா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று மாதம் கழித்து ஒரு மறுபயணத் தேதியை, திட்டம் நடக்கும் அன்றே குறித்துவிடுங்கள். இரண்டு உறுப்பினர்கள் போனால் போதும். திரும்பி வந்து அடுத்த கூட்டத்தில் பார்த்ததைச் சொல்லட்டும். உடைந்து கிடக்கிறது என்ற செய்திகூட நல்லதுதான், அதைச் சரிசெய்யும் வேலை கிடைக்கிறதே.

கை படவில்லை. பணம் கொடுத்து வாங்கி, வாங்கியதைக் கொடுத்து, கொடுத்ததைப் படமெடுத்து முடிந்தது என்றால் அங்கே உறுப்பினருக்கு வேலையே இல்லை. எந்தத் திட்டமானாலும் பத்துப் பேர் கையால் செய்ய வேண்டியது என்ன என்று திட்டமிடும்போதே கேளுங்கள். பள்ளிக்கு நூலகம் கொடுக்கிறீர்களா? புத்தகத்துக்கு எண் ஒட்டுவது, அலமாரியில் அடுக்குவது, முதல் மாதம் வாரம் ஒருநாள் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பது. கடைசியாகச் சொன்னதைச் செய்தவர்கள் சங்கத்தை விட்டுச் சுலபத்தில் போகமாட்டார்கள். அந்தப் பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லித் தேடுவார்கள்.

எண்ணிக்கை அதிகம். ஆண்டுக்கு நாற்பது சின்ன நிகழ்ச்சிகள் அறிக்கைக்கு நல்லது, ஆட்களுக்கு நல்லதில்லை. பாதியை வெட்டுங்கள். எதை வெட்டுவது என்று தெரியாவிட்டால், மூன்று கேள்விக்கும் பதில் இல்லாதவற்றை வெட்டுங்கள்.

ஆண்டுக்கொருமுறை அழித்து எழுதுவது. ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் ஜூலை 1, கிவானிஸுக்கு அக்டோபர் 1, ஜேசிஐக்கு ஜனவரி. அன்றைக்குத் தலைவர் மாறுவார், அவரோடு கனவுத் திட்டமும் மாறும். போன ஆண்டுத் திட்டத்தில் உயிரைக் கொடுத்து உழைத்தவர் இந்த ஆண்டு அனாதையாக நிற்பார். தலைவர் மாறினாலும் வேலை மாறாமல் இருக்க முடியும் என்பதற்கு இந்த அமைப்புகளின் சொந்த வரலாறே சாட்சி. 1925-இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் பார்வையற்றோருக்காக உழைக்கும்படி கேட்டார். பார்வைப் பணி இன்றுவரை அவர்களுடைய அடையாளமாக இருக்கிறது. ரோட்டரி 1985-இல் போலியோவை ஒழிப்பதற்கான போலியோ பிளஸ் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் சர்வதேசத் தலைவர் மாறிக்கொண்டே இருக்கிறார், போலியோ வேலை நிற்கவில்லை.

சங்க அளவில் செய்ய வேண்டியது: இந்த ஆண்டுத் தலைவர், அடுத்த ஆண்டுத் தலைவர், அதற்கடுத்தவர் மூவரும் உட்கார்ந்து மூன்று ஆண்டுக்கு ஒரே ஒரு திட்டத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திடட்டும். அதன் பொறுப்பாளர் மூன்று ஆண்டும் அவரே. மற்றத் திட்டங்களில் அவரவர் விருப்பப்படி விளையாடிக்கொள்ளலாம். அகந்தை குறுக்கே வருவதால் இது கடினம். அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

## அறிகுறி: எல்லா வேலையும் அதே நாலு பேர் தலையில்

நாலு பேரும் "யாருமே வரமாட்டேங்கிறாங்க" என்பார்கள். மற்றவர்கள் "எங்களை யாரும் கூப்பிடவே இல்லை" என்பார்கள். பெரும்பாலும் இரண்டும் உண்மை.

பொதுவாகக் கேட்பது. "ஆர்வமுள்ளவர்கள் பெயர் கொடுக்கவும்" என்று வாட்ஸ்அப்பில் போட்டால் கட்டைவிரல் குறி வரும், ஆள் வரமாட்டார். ஒருவரைத் தனியாக அழைத்து, "சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை இந்த மேசை உங்களது, முடியுமா?" என்று கேளுங்கள்.

வேலை பெரிய மூட்டையாக இருப்பது. "முகாம் பொறுப்பு" என்றால் யாரும் தொடமாட்டார்கள். அனுமதி வாங்குவது, மருத்துவரோடு பேசுவது, நாற்காலி, அறிவிப்பு, பதிவு என்று பிரித்தால் ஐந்து பேருக்கு ஐந்து வேலை.

நாலு பேரும் விடமாட்டேன் என்பது. இதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. அடுத்தவர் செய்தால் கொஞ்சம் கோணலாக வரும் என்று தெரிந்தே விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரே குழுவுக்கு ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது என்று விதி செய்தால், யாரையும் நேரில் குற்றம் சொல்ல வேண்டியிருக்காது. விதி சொன்னதாகப் போய்விடும்.

## அறிகுறி: முன்னாள் தலைவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள்

ஓராண்டு முழுக்க அடித்துக்கொண்டிருந்த போன், பதவி இறங்கிய மறுநாள் நின்றுவிடும். ஒதுங்குவதற்கு அதுவே போதும். முதலில், அவர்கள் ஆண்டில் தொடங்கிய எதையாவது சத்தமில்லாமல் நிறுத்தினீர்களா என்று பாருங்கள். நிறுத்தியிருந்தால் நேரில் போய்க் காரணத்தைச் சொல்லுங்கள்.

ஆலோசகர் பதவி கொடுப்பது மருந்தாகாது, அது மரியாதையாக ஓரங்கட்டும் வழி என்று அவர்களுக்கே தெரியும். எல்லையுள்ள ஒரு வேலையாகக் கொடுங்கள்: இந்த ஆண்டு சேரும் மூன்று பேருக்கு நீங்கள்தான் துணை, அவர்கள் அடுத்த ஆண்டும் இருக்க வேண்டும்.

மூத்தவர்கள் விஷயத்தில் ஒரு பொறி உண்டு. ரோட்டரியில் குறைந்தது 20 ஆண்டு உறுப்பினராக இருந்து, வயதும் உறுப்பினராக இருந்த ஆண்டுகளும் சேர்ந்து 85-ஐத் தொட்டால் வருகையிலிருந்து விலக்குப் பெறலாம். நல்ல விதிதான். ஆனால் விலக்குப் பெற்றவர் வராதது எந்தப் பதிவிலும் குறையாகத் தெரியாது, எனவே யாரும் விசாரிக்கவும் மாட்டார்கள். பட்டியல் சோதனையில் அவர்கள் பெயரையும் விடாதீர்கள்.

## அறிகுறி: வயது வரம்போடு உறுப்பினரும் போய்விடுகிறார்

ஜேசிஐயில் 40 வயதோடு முடிகிறது. ரோட்டரியின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்டில் 30 என்று இருந்த உச்சவரம்பு 2020 ஜூலையில் நீக்கப்பட்டது, ஆனாலும் முப்பதைத் தாண்டியதும் ரோட்டரிக்கு மாற வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. மாறியவர் அங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்து, சலித்துப் போய்விடுவார். அவர் ஏற்கெனவே ஒரு சங்கத்தை நடத்தியவர். புதியவர் மாதிரி நடத்தாதீர்கள், முதல் மாதமே ஒரு திட்டத்தின் முழுப் பொறுப்பைக் கொடுங்கள். நண்பர்கள் கூட்டமாக வருகிறார்கள், ஆனால் உங்கள் கூட்ட முறை ஒத்துவரவில்லை என்றால், எட்டுப் பேர் இருந்தால் ரோட்டரியில் உங்கள் சங்கத்தின் கீழேயே தனியாகக் கூடும் துணைச் சங்கம் தொடங்க வழி இருக்கிறது. அதற்கு, மாவட்டத் தலைவரான ஆளுநரின் சார்பில் உங்கள் சங்கத்தைக் கவனிக்கும் உதவி ஆளுநரோடு பேசுங்கள்.

## அறிகுறி: கோஷ்டி

இரண்டு மூலையில் இரண்டு கூட்டம், தேர்தலுக்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை, வாட்ஸ்அப்பில் ஜாடைப் பதிவுகள். புதியவர் வந்த இரண்டாவது வாரமே "நீங்க யார் பக்கம்?" என்று கேட்கப்படுகிறார்.

இரண்டு பேருக்கு நடுவே மட்டும் என்றால், இருவருக்கும் பொதுவான ஒருவர் தனித்தனியே கேட்டுவிட்டுச் சேர்த்து உட்கார வைக்கலாம். அதற்கு மேல் போயிருந்தால் உள்ளிருந்து சரிசெய்ய முயலாதீர்கள், சமாதானம் பேசுகிறவரும் ஒரு பக்கத்துக்காரராகத்தான் பார்க்கப்படுவார். ரோட்டரியின் நிலையான சங்க விதிகளில் சமரசத்துக்கும் நடுவர் தீர்ப்புக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. லயன்ஸில் சச்சரவுத் தீர்வு நடைமுறை இருக்கிறது, புகார் கொடுக்கக் காலக்கெடுவும் உண்டு. "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். உங்கள் அமைப்பின் மாவட்ட ஆளுநருக்கு எழுத்தில் கொடுங்கள்.

பணக் கையாடலோ பாலியல் தொல்லையோ மிரட்டலோ என்றால் இந்த வழிமுறை பொருந்தாது. அன்றே மாவட்டத்துக்கும், தேவையானால் வழக்கறிஞருக்கும் காவல்துறைக்கும் போங்கள். சங்கத்தின் பெயர் கெடும் என்று மூடி வைத்தால் பாதிக்கப்பட்டவரும் போவார், அவரோடு இன்னும் பலரும் போவார்கள்.

## எல்லாம் பார்த்தும் போகிறேன் என்கிறார்

சரி, போகட்டும். தலைவர் அல்லாத ஒருவர், கடிதம் வந்த ஒரு வாரத்துக்குள் பேசட்டும். கேட்க வேண்டியவை மூன்று: சேரும்போது என்ன எதிர்பார்த்தீர்கள்? எந்த நாளில், எதற்குப் பிறகு வரத் தோன்றாமல் போனது? திட்டங்களுக்கு மட்டும் அழைத்தால் வருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்றால், அடுத்த முகாமுக்கு உறுப்பினர் அல்லாத தன்னார்வலராகக் கூப்பிடுங்கள், சந்தாப் பேச்சு எடுக்காமல்.

பதில்களை அவர் சொன்ன வார்த்தையிலேயே பட்டியலில் எழுதி வையுங்கள். வேறொருவரிடமிருந்தும் அதே பதில் வந்தால் அதற்குரிய அறிகுறியை மேலே தேடி முதல் காரணத்திலிருந்து மறுபடியும் பாருங்கள். இன்னொன்று: அவரிடம் பேசுவதற்கு முன் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.